வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து

"ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று எந்தப் புண்ணியவான் எழுதிவைத்தது?" என்று முந்தாநாள் நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். புண்ணியவான் யாருமில்லை, நான்தான். யார் யார் சிரித்தீர்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தும் வைத்திருக்கிறேன்.

கோபமில்லை. பொறுப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியவளுக்குக் கோபப்பட என்ன உரிமை? ஆனால் அந்த நாற்பத்திரண்டை நூறாக்க வேண்டும் என்று நீங்கள் போட்டிருக்கும் முன்மொழிவைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து இரண்டு வரி எழுதுகிறேன், பால் பொங்கி வழிகிறது. துடைத்துவிட்டு வந்தால் எழுத வந்தது மறந்துபோகிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும். கணினி நிரலின் வரிதான் குட்டையாக இருக்க வேண்டும், கடிதத்துக்கு அப்படி விதி ஒன்றுமில்லை. உங்கள் முன்மொழிவின் கடைசி வரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் சேர்வதற்கு முன் குழு இவ்வளவு பெரிதில்லை. இந்த மலையில் அங்கங்கே ஒரே ஸ்கிரிப்ட் மொழியில் சின்னச் சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள், எழுதியதைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்றுசேர்ந்தோம். கொடைக்கானலில் பள்ளி ஒன்றில் கணினி நடத்தும் அருள் சாரிடம் மலைச்சாலையில் மண் சரிந்தால் தகவல் அனுப்புகிற நிரல் இருந்தது. தாண்டிக்குடி ராசுவிடம் காப்பிக்கொட்டை காயும் களத்தின் ஈரம் பார்க்க ஒன்று. போளூர் தங்கமணியிடம் மழை வருவதைச் சொல்ல ஒன்று. நான் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். கொடைக்கானலில் ஒரு விடுதியின் முன்பதிவு மென்பொருளை வருஷக்கணக்கில் கட்டி மேய்த்தவள். யாரும் ஏற்க விரும்பாத பொறுப்பு என் தலையில் விழுந்தது. யார் எதை மாற்றினாலும் என் கை வழியாகத்தான் பொதுத் தொகுப்புக்குள் போகும், அங்கே இருப்பதுதான் ஊர்களில் ஓடும்.

தங்கமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரியில் கணினி படித்துவிட்டு, கல்யாணமாகி, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பத்துக்கு வந்தவர். வீட்டில் கணினி கிடையாது. ஊருக்குள் போன் பேசலாம், குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். நெட் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கிற பாறைக்கு ஏற வேண்டும். தோட்ட வேலைக்கு நடுவே அந்தப் பாறையில் போய் உட்கார்ந்து, கைபேசியில், கட்டைவிரலால் அந்த மழை நிரலை எழுதினார்.

பூண்டைப் பிடுங்கினால் தாளோடு களத்தில் சில நாள் காய வேண்டும். அப்போது நனைந்தால் அடி அழுகிவிடும், விதைக்கு ஆகாது. மேற்கே கிளாவரையில் மழை தொட்டால் முக்கால் மணி நேரத்தில் போளூருக்கு வந்துவிடும். கிளாவரையில் தெரிந்தவர் வீட்டுக் கூரையில் ஒரு மழைமானி வைத்து, அது நனைந்ததும் போளூரில் வீட்டுக்கு வீடு "மழை வருது, பூண்டை மூடுங்க" என்று குறுஞ்செய்தி போகும்படி செய்தார். வாசல் வாசலாகப் போய் எண் வாங்கினார். முதலில் கேலி பேசியவர்கள் ஒரு அறுவடைக்குப் பிறகு நம்பினார்கள். எவ்வளவு நம்பினார்கள் என்றால், பூண்டு காயும் நாட்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டு களத்தில் ஓர் ஆளை உட்கார வைப்பது அந்த ஊர் வழக்கம், அதையே விட்டுவிட்டார்கள். அந்த ஆளும் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

நிரல் எழுதும் நடையைப் பற்றிய சண்டைக்கு வருகிறேன். அருள் சார் உள்வரியை நாலு ஸ்பேஸ் தள்ளுவார், ராசு இரண்டு, தங்கமணி டேப் விசையைத் தட்டுவார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் தலை சுற்றும். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவோம் என்று பேச்செடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு எப்படியும் எல்லோரும் வருவார்கள், சந்தை முடிந்து டீக்கடையில் கூடுவோம். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்று ஏழு ஞாயிறு போனது.

"எல்லார்கிட்டயும் இப்ப வைட் ஸ்கிரீன் இருக்கு மேடம். லைனுக்கு நூத்தியிருபது கேரக்டர் வெச்சுக்கலாம். உடைக்காம எழுதுனா பார்க்க க்ளீனா இருக்கும்" என்பார் அருள் சார்.

"ஏதோ ஒண்ணச் சொல்லுங்கக்கா. எனக்குப் பழம் பறிக்கிற சோலி கெடக்கு" என்பார் ராசு. அவருக்கு வருஷம் முழுக்க அந்தச் சோலி கிடந்தது.

தங்கமணி ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "நீளமா எழுதுனா எனக்கு மடங்கி மடங்கி விழுதுக்கா. எந்த வரி எதுக்குள்ள நிக்குதுன்னே தெரிய மாட்டேங்குது."

"ஒரு பழைய லேப்டாப் வாங்கிக்கங்களேன், தங்கமணி" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பேச்சு அடுத்ததுக்குப் போய்விட்டது.

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுகிற ஆள். எட்டாவது ஞாயிறு வரை தாங்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை குழுவில் எழுதிப் போட்டேன்: நாலு ஸ்பேஸ், வரிக்கு நூற்றிருபது எழுத்து, மூன்று நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் அனைவரும் சம்மதம் என்று கொள்ளப்படும். அந்தக் கடைசி வாசகத்தை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏழு ஞாயிறில் ஆகாத காரியம் மூன்று நாளில் ஆகப்போகிறதல்லவா!

அன்று சாயங்காலம் மேல்மலையில் பலத்த காற்று. பூம்பாறைக்கு அந்தப்பக்கம், போளூர் உட்பட, டவர் படுத்துவிட்டது. அது எனக்குத் தெரியாது என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். கவுஞ்சி பஸ் கண்டக்டர் மறுநாளே சொன்னார், "மேல ஒரு போனும் எடுக்கலக்கா" என்று. சரி, வந்துவிடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் வெள்ளனே எழுந்து, "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதிவிட்டு, தொகுப்பில் இருந்த எல்லா நிரல்களையும் புதிய நடைக்கு மாற்றும் கருவியை ஓட்டினேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து டவர் வந்தது. தங்கமணி எழுதினார்: "இது எப்பக்கா முடிவாச்சு?"

"மூணு நாள் டைம் குடுத்திருந்தோமே."

"சரிங்கக்கா."

அதோடு ஒரு மாற்றத்தையும் அனுப்பியிருந்தார். ஒரே மழைக்கு நாலு தடவை செய்தி போகிறதென்று ஊரில் திட்டினார்களாம். நெட் இல்லாத நாட்களில் உட்கார்ந்து அதைச் சரிசெய்திருந்தார். ஆனால் அவர் கையில் இருந்தது பழைய வடிவம். தொகுப்பில் இருந்ததை நான் தலைகீழாக மாற்றியிருந்தேன். இரண்டும் ஒட்டவில்லை. யாராவது ஒருவர் கையால் சேர்க்க வேண்டும்.

நான் அப்போது கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ்ஸில் இருந்தேன். அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்குப் போய் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து செய்யலாம் என்று ஒரு மனசு சொன்னது. காத்திருக்க முடியாத இன்னொரு மனசு கைபேசியை எடுத்தது. மடியில் பலகாரப் பை, ஒரு கை முன்சீட்டுக் கம்பியில், ஒரு கையில் கைபேசி. நூற்றிருபது எழுத்து வரிகள் அந்தச் சின்னத் திரையில் மடங்கி மடங்கிக் கிடந்தன. எது புதிய வரி, எது மடங்கிய வால் என்று பிரித்துப் பார்க்கக் கண் வலித்தது. ஏதோ சரியாக இருப்பதுபோல் தெரிந்ததும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நாலு கொண்டை ஊசி வளைவுக்குள் வேலை முடிந்தது.

நம் மொழியில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதில்தான் அதன் பொருளே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் எடு" என்று ஒரு வரி. அதற்கு உள்ளே தள்ளி "செய்தி அனுப்பு" என்று எழுதினால் ஒவ்வொருவருக்கும் போகும். தள்ளாமல் வெளியே நிறுத்தினால் எல்லோரையும் எடுத்து எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகக் கையில் இருப்பவருக்கு மட்டும் போகும். நான் வெளியே நிறுத்திவிட்டேன்.

பட்டியலில் கடைசி எண் யாருடையது? சோதனைக்கென்று நான் எப்போதோ சேர்த்துவைத்த என்னுடைய எண்.

மறுநாள் நிச்சயதார்த்தப் பந்தியில் பாயசம் விட்டுக்கொண்டு வரும்போது என் கைபேசி அதிர்ந்தது. "மழை வருது, பூண்டை மூடுங்க." பழனியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணன் மனைவியிடம் காட்டினேன்.

"பாருங்க மதினி, போளூர்ல மழை வரப்போறது எனக்கு இங்க உக்காந்தே தெரியுது."

"உனக்கு எதுக்குத் தெரியணும்? உனக்கா பூண்டு காயுது?" என்றார் மதினி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

ஐந்து மணிக்குத் தங்கமணி கூப்பிட்டார்.

"அக்கா, இன்னிக்கு மெசேஜ் வரலியேக்கா."

"வந்துச்சே! எனக்கு ரெண்டு மணிக்கே வந்துச்சே."

அந்தப் பக்கம் அவருக்குப் பின்னால் யாரோ உரத்த குரலில் ஏசிக்கொண்டிருப்பது கேட்டது.

"உங்களுக்கு வந்துச்சா" என்றார். "சரிக்கா, வைக்கிறேன்."

அண்ணன் மகளின் லேப்டாப்பை வாங்கித் திறந்தேன். அகலத் திரையில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அனுப்பும் வரி வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் உள்ளே தள்ளிச் சரிசெய்தேன். என்ன மாற்றினோம் என்று எழுத வேண்டிய இடத்தில் "சிறு திருத்தம்" என்று போட்டேன். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

பிறகு குழுவைத் திறந்தால், நான் திருத்துவதற்கு முன்பே அருள் சார் எழுதியிருந்தார்: "ரெயின் அலர்ட் ஃபெயில் ஆயிருக்கு. லாக்ல பார்த்தேன், லாஸ்ட் சேஞ்ச் தங்கமணியோடது. புது ஸ்டைல் ஃபாலோ பண்ணாம டேப்ல எழுதியிருக்காங்க. போன்ல எழுதுறவங்க இனிமே டைரக்டா மாத்த வேண்டாம், கம்ப்யூட்டர் இருக்கறவங்க யாராச்சும் எழுதித் தரட்டும். ஆட்சேபம் இருந்தா மூணு நாளுக்குள்ள சொல்லுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. தங்கமணியின் மாற்றத்தை நான் சேர்த்ததால் பதிவில் தங்கமணியின் பெயர்தான் இருந்தது. கடைசியில் நான் போட்ட சிறு திருத்தத்தை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கீழே ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினார், இன்னொருவர் உயர்த்தினார், ராசுவும் உயர்த்தினார். தங்கமணி எழுதிய நிரலைத் தங்கமணியே தொடக்கூடாது என்று ஆகப்போகிறது. என் ஒரு வார்த்தையில் அது நின்றுவிடும்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். விசேஷ வீடு, ஆட்கள் வருகிறார்கள் போகிறார்கள், நிதானமாக எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் பயம். புதிய நடையைக் கொண்டுவந்தவளே அதில் முதல் குழியில் விழுந்தாள் என்று தெரிந்தால் என் பேச்சை யார் மதிப்பார்கள் என்ற பயம். நாலு முறை தட்டச்சு செய்து நாலு முறையும் அழித்தேன். மறுநாள் கொடைக்கானல் வந்தேன். வீட்டில் இருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். அந்த மூட்டத்தில் எங்கே காயும்? ஈரத்தோடு அவற்றைத் தொங்கவிட்டுவிட்டு ஏரியைச் சுற்றி நடந்தேன். வீட்டுக்கு வந்து குழுவைப் பார்த்தேன். தங்கமணி ஒன்றும் எழுதவில்லை. 'அவங்களே ஒண்ணும் சொல்லல, அப்ப ஒத்துக்கிட்டாங்க போல' என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதினவளே, பேசாமல் இருப்பது எதனாலெல்லாம் என்று அந்த இரண்டு நாளில் என் உடம்பிலேயே பார்த்துவிட்டேனே! நான் எதற்குச் சம்மதித்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

மூன்றாம் நாள் முதல் பஸ் ஏறினேன். குழுவில் எழுதினால் போதாதா என்றால், போதாது. தங்கமணியை ஏசியவர்கள் நம் குழுவில் இல்லை. அவர்கள் போளூர்க் களத்தில் இருந்தார்கள்.

போளூரில் இறங்கியதும் நனைந்த பூண்டு நாற்றம் மூக்கில் அடித்தது. களத்தில் பெண்கள் உட்கார்ந்து அழுகியதையும் தேறியதையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்தபோது வந்த வருத்தம் அழுகிய பூண்டைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

"தங்கமணி வீடு எதுங்க?" என்று கேட்டேன்.

"மெசேஜ்காரி வீடா?" என்றார் ஒரு பெண், தலை நிமிராமல். "வீட்டுல ஏது? பாறையில இருப்பா. பாருங்க போயி."

மூச்சு வாங்க ஏறினேன். தங்கமணி கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"வாங்கக்கா. இம்புட்டுத் தூரம்..."

"அது நான் பண்ணுனது, தங்கமணி. உங்க வரிய நான்தான் பஸ்ல வெச்சு ஒட்டுனேன். வெளிய நிறுத்திட்டேன்."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல. கடைசி நம்பர் உங்களுதுதான். அன்னிக்கே இங்க ஏறி வந்து பாத்துட்டேன். நான் அனுப்புனது தனியா இருக்கு, நீங்க சேத்தது தனியா இருக்கு. விரலால தள்ளித் தள்ளிப் பாக்க அரை மணி நேரம் ஆச்சு, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் குரூப்ல சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் நிக்கும்." கைபேசியில் மணி பார்த்தார். "மூணு நாள் டைம் குடுத்திருக்காங்கள்ல? சாயங்காலம் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள நீங்க பேசுறீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பேசாம இருந்திருந்தா?"

"பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம். நீங்கதானக்கா எழுதுனீங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். பஸ்ஸில் சேர்த்தது, வரி வெளியே நின்றது, சிறு திருத்தம் என்று மூடியது, இரண்டு நாள் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும். பிறகு இருவரும் களத்துக்கு இறங்கினோம். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்.

கூடைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் பதில் சொன்னார். "அப்ப இந்தப் புள்ள மேல தப்பு இல்ல?"

"இல்லைங்க. என் மேலதான்."

"சரி, சொல்லிட்டீங்க. பூண்டு காஞ்சிருமா?"

அவர் மறுபடியும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்று வீட்டுக்காரர்கள், எங்கள் நம்பரை எடுத்துவிடு என்றார்கள். தங்கமணி அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டினார். "அழிச்சுட்டேன் சித்தப்பா. எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, சேத்துக்கிடுறேன்." அந்த மூன்றில் ஒரு வீடு இன்றுவரை திரும்பச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மறுபடியும் பாறைக்கு ஏறினோம். "உங்க போன்ல மடங்காம ஒரு வரிக்கு எத்தன எழுத்து நிக்கும்?" என்று கேட்டேன். கட்டைவிரலை நகர்த்தி எண்ணினார். இரண்டு முறை எண்ணி நாற்பத்திரண்டு என்றார். நம் நடைத்தாளின் முதல் விதி அங்கே எழுதியது. இரண்டாவது விதியும் அங்கேதான்: எதை மாற்றுவதானாலும் ஊருக்கு ஒருவராவது "பார்த்தேன்" என்று எழுதிய பிறகே முடிவு. எத்தனை நாள் ஆனாலும் சரி.

அருள் சார் அன்று சாயங்காலமே கூப்பிட்டார். "லாக்ல பேர் இருந்துச்சு மேடம், அதான் அப்படி எழுதிட்டேன்" என்றார். நாற்பத்திரண்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். "என் ஸ்கிரீன்ல முக்கால்வாசி காலியா கெடக்கும் மேடம்!" அடுத்த ஞாயிறு டீக்கடையில், உங்கள் மண்சரிவு நிரலைக் கைபேசியில் படித்துக் காட்டுங்கள் சார் என்றேன். தானே எழுதியதை டீ ஆறிப்போகும் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தங்கமணியிடம் "ஸாரிம்மா" என்றார். வரிகளை நாற்பத்திரண்டுக்குள் தானாக உடைத்துத் தரும் கருவி இருக்கிறதே, நீங்கள் எல்லோரும் அலுத்துக்கொள்வது, அதை எழுதியது அவர்தான்.

இனி உங்கள் முன்மொழிவு. நாற்பத்திரண்டுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. கைபேசிகள் மாறிவிட்டன, ஐம்பதோ அறுபதோ தாங்கலாம். எண்ணிப் பார்த்து மாற்றுங்கள். ஆனால் உங்கள் கடைசி வரி என்ன? "மூன்று நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்வோம்." இரண்டாவது விதியை நீங்கள் படிக்கவே இல்லை. அல்லது படித்துவிட்டு, ஏழு ஞாயிறு காத்திருக்க யாரால் முடியும் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த நினைப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பார்த்தேன் என்று எழுதியவர்களின் வரிசையைப் பார்த்தேன். கொடைக்கானல் இருக்கிறது, தாண்டிக்குடி இருக்கிறது, ஆடலூர் இருக்கிறது. போளூர் இல்லை. தங்கமணிக்கு நேற்றிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், போகவில்லை. இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். மேலே டவர் படுத்துக் கிடக்கிறதாம்.

நாளை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன், பை கட்டிவைத்தாயிற்று. அந்த முன்மொழிவை எழுதியவர் யாரோ, அவரும் என்னோடு வரட்டும். பூண்டு பிடுங்குகிற நேரம், களத்தைத் தாண்டித்தான் பாறைக்கு ஏற வேண்டும். லேப்டாப் வேண்டாம், கைபேசி மட்டும் எடுத்துவாருங்கள்.